பீப் அடித்த பிறகு என்ன நடக்கிறது? செக்யூரிட்டி செக்குகளுக்கு ஒரு ரிவ்யூ

ஓட்டலுக்கு ஸ்டார் போடுகிறோம், மிக்ஸிக்கு ஸ்டார் போடுகிறோம், வருஷத்துக்கு நூறு தடவையாவது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற செக்யூரிட்டி செக்கிற்கு மட்டும் யாரும் ரிவ்யூ எழுதுவதில்லை. போன மாதம் ஒரே வாரத்தில் மால், ரயில் நிலையம், விமான நிலையம் மூன்றையும் தாண்ட வேண்டி வந்தது. மூன்று இடத்திலும் பீப் சத்தம் ஒன்றுதான். அதற்குப் பிறகு நடப்பதில்தான் வித்தியாசம்.

முதலில் மால். பெயர் வேண்டாம், எந்த ஊர் மாலுக்கும் இது பொருந்தும். கார் நுழையும் இடத்தில் சக்கரம் வைத்த கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடி வண்டிக்கு அடியில் போனது, அவர் கண் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த காரின் மேல் இருந்தது. "டிக்கியத் திறங்க சார்." திறந்தேன். ஸ்டெப்னி, ஒரு குடை, பழைய பேப்பர் கட்டு, அன்றைக்குத்தான் வாங்கிய 25 கிலோ அரிசி மூட்டை. மூட்டையை ஒரு தட்டுத் தட்டினார், போங்க சார் என்றார். உள்ளே இருப்பது அரிசிதான் என்று எனக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரிந்தது? வாசலில் மெட்டல் டிடெக்டர் சட்டம். பெல்ட், சாவிக்கொத்து, போன் எல்லாவற்றோடும் நுழைந்தேன், பீப். எனக்கு முன்னால் போனவருக்கும் பீப், பின்னால் ஸ்டீல் வாட்டர் பாட்டிலோடு வந்த குழந்தைக்கும் பீப். பக்கத்தில் நின்ற பையன் கையில் இருந்த டிடெக்டரால் என் முதுகை ஒரு தடவு தடவினான், அதுவும் அடித்தது, "ஓகே சார்" என்று விட்டுவிட்டான். என்ன ஓகே என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

அந்தப் பெரியவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தனியார் காவலாளிகளுக்காக 2005-ல் ஒரு சட்டமே வந்தது. அதன் மாதிரி விதிகளில் 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி, எல்லாம் சேர்த்துக் குறைந்தது 20 வேலை நாள் என்று போட்டிருக்கிறது. கண்ணாடியில் என்ன தேட வேண்டும் என்று அவருக்கு யாராவது ஒரு மணி நேரமாவது சொல்லிக்கொடுத்திருப்பார்களா, சந்தேகம்தான். அப்படியே தெரிந்து, பீப் அடித்த எல்லாரையும் நிறுத்தினால், வரிசை ரோடு வரைக்கும் போகும், முதலில் மேனேஜர்தான் அவரைக் கூப்பிட்டுக் கத்துவார். ஐந்துக்கு ஒரு ஸ்டார், அதுவும் வெயிலில் நிற்கிற மனிதருக்காக.

விமான நிலையத்துக்கு வருகிறேன். டெல்லியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பினேன். அம்மா என்னிடம் சொல்லாமல் தன் கைப்பையில் ஒரு சாமான் வைத்திருந்தார்: மேஜை விளிம்பில் திருகி மாட்டி, கைப்பிடியைச் சுற்றித் தேங்காய் துருவுகிற அந்த இரும்புத் துருவி. தங்கை கேட்டாளாம். எக்ஸ்ரே பெல்ட் நின்றது, பின்னால் போனது, மறுபடி முன்னால் வந்தது. திரையின் முன் உட்கார்ந்திருந்த சிஐஎஸ்எஃப் (மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை) வீரர் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, ஒரு உருண்டைத் தலை முழுக்கப் பல் பல்லாக, அதன் கீழே வளைந்த கைப்பிடி, ஒரு பெரிய திருகாணி. நானாக இருந்தாலும் பெல்ட்டை நிறுத்தியிருப்பேன்.

பையைத் தனியாக எடுத்து வைத்து "இது யாருடையது" என்று இந்தியில் கேட்டார்கள். அம்மாவுக்கு இந்தி தெரியாது. இடது கையில் இல்லாத தேங்காய் மூடியைப் பிடித்து, வலது கையால் இல்லாத கைப்பிடியைச் சுற்றிக் காட்டினார். அந்த வீரர் சிரித்துவிட்டார், ஆனால் விடவில்லை. பஞ்சு போன்ற ஒரு துணியால் பையின் கைப்பிடியையும் ஜிப்பையும் துடைத்து, அதை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்தார் (வெடிமருந்துத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது), பிறகு பையில் இருந்த ஒவ்வொன்றையும் வெளியே எடுத்தார், துருவியை செக்-இன் லக்கேஜில்தான் போட முடியும் என்றார். கவுன்ட்டர் மூட இன்னும் நேரம் இருந்தது, ஓடிப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். மறுபடி வரிசை, மறுபடி கை தூக்கல், ஆனால் கோபமே வரவில்லை.

திரையைப் பார்க்கிறவரை ஒரே மூச்சில் மணிக்கணக்காக உட்காரவைக்க மாட்டார்கள். 20 நிமிடம் போல ஆனதும் ஆளை மாற்றுவது உலகம் முழுக்க விமான நிலையங்களில் உள்ள வழக்கம், அதற்கு மேல் பார்த்தால் கண் பார்க்கும், மனசு பார்க்காது. இன்னொரு ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது: இப்போதைய எக்ஸ்ரே மெஷின்களில் சில, நடுநடுவே யாரோ ஒருவரின் பையின் படத்துக்குள் பொய்யாக ஒரு துப்பாக்கிப் படத்தையோ குண்டுப் படத்தையோ செருகிவிடும். உட்கார்ந்திருப்பவர் பட்டனை அழுத்துகிறாரா என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும். மால் வாசலில் இப்படி ஒரு பரீட்சை வைத்தால் எத்தனை பேர் தேறுவார்கள்?

இதெல்லாம் சும்மா வந்ததில்லை. 1984 ஆகஸ்ட் 2 இரவு இதே மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் இலங்கைக்காரர்கள். கொழும்பு விமானத்துக்கு லக்கேஜ் போட்டுவிட்டு ஆள் விமானத்தில் ஏறவில்லை, பெட்டிகள் நிலையத்துக்குள்ளேயே வெடித்தன. அதற்கு அடுத்த வருஷம், 1985 ஜூன் 23, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் நடுவானில் குண்டு வெடித்துச் சிதறியது, செத்தது 329 பேர். அங்கேயும் ஏறாத ஆளின் பெட்டிதான். வான்கூவர் கவுன்ட்டரில் அந்த ஆள் பெட்டியை நேராக அடுத்த விமானத்துக்கு அனுப்பச் சொல்லி அடம்பிடித்திருக்கிறான், டிக்கெட் உறுதியாகவில்லை, அனுப்பக் கூடாது என்று கவுன்ட்டரில் இருந்தவர் மறுத்திருக்கிறார், பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகவும் கடைசியில் சரி என்று விட்டுவிட்டார். பெட்டி கனிஷ்காவுக்கு மாற வேண்டிய டொரான்டோவில் எக்ஸ்ரே மெஷின் பழுதாகிவிட்டது, கையில் பிடிக்கும் ஒரு கருவியை வைத்துப் பெட்டிகளைப் பார்த்தார்கள், ஒரு பெட்டியருகே அது பீப் அடித்தும் இருக்கிறது. அதுதான் குண்டிருந்த பெட்டி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே நின்றவர்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை, பெட்டி ஏறிவிட்டது. கனிஷ்காவுக்குப் பிறகுதான், 1987-ல், விமானப் பாதுகாப்புக்கென்று தனித் துறை (பிசிஏஎஸ்) இங்கே வந்தது. 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை ஆப்கானிஸ்தானின் காந்தஹாருக்குக் கடத்திப் போன பிறகு, 2000-ல் ஜெய்ப்பூரில் தொடங்கி, மாநில போலீஸிடமிருந்து சிஐஎஸ்எஃப் கைக்கு விமான நிலையங்கள் மாறின. இனிமேல் "ஒரு பயணி வரவில்லை, அவர் பெட்டியை இறக்குகிறோம்" என்று விமானத்துக்குள் அறிவித்து அரை மணி நேரம் உட்காரவைத்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். நான் சலித்துக்கொள்வதை விட்டுவிட்டேன்.

விதிகள் கல்லில் செதுக்கியதும் இல்லை. தேங்காயில் எண்ணெய் இருக்கிறது, தீப்பிடிக்கும் என்று கேபினில் முழுத் தேங்காய்க்கு அனுமதி கிடையாது. 2024 அக்டோபரில் சபரிமலை பக்தர்களுக்கு மட்டும், இருமுடியில் இருக்கும் தேங்காயை எல்லாச் சோதனையும் முடித்து எடுத்துப் போகலாம் என்று 2025 ஜனவரி 20 வரை தளர்த்தினார்கள். தேங்காய்க்குத் தளர்வு, துருவிக்கு இல்லை, அம்மாவுக்கு இதில் இன்னும் வருத்தம்.

குறையும் சொல்ல வேண்டும். இங்கே டெர்மினல் வாசலிலேயே டிக்கெட்டும் அடையாள அட்டையும் பார்க்கிறார்கள், அதனால் அதிகாலை நேரத்தில் கூட்டம் வெளியே, ரோட்டோரம், சூட்கேஸோடு கும்பலாக நிற்கிறது. 2011-ல் மாஸ்கோவின் தொமதேதவோ விமான நிலையம், 2016-ல் பிரசெல்ஸ் விமான நிலையம், இரண்டிலும் சோதனையைத் தாண்டாத இடத்தில், கூட்டத்தின் நடுவில்தான் குண்டு வெடித்தது. வாசலைத் தள்ளித் தள்ளி வைத்தால் கூட்டமும் கூடவே தள்ளிப்போகும். வரிசை வேகமாக நகர்வதும் பாதுகாப்பில் சேர்த்திதான். முகத்தைக் காட்டி நுழையும் டிஜி யாத்ரா இதற்குக் கொஞ்சம் உதவுகிறது. இந்த ஒன்றுக்காக அரை ஸ்டார் குறைத்து, நாலரை.

ரயில் நிலையத்துக்கு ஸ்டார் போட எனக்கு மனசில்லை, அது நியாயமும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு ஓடிவருகிற இடத்தை விமான நிலையம் மாதிரி பூட்ட முடியாது, நான்கு வாசலில் டிடெக்டர் சட்டம் வைத்தால் ஐந்தாவது வழியாக பார்சல் வண்டி வரும். 2014 மே 1 காலையில் சென்னை சென்ட்ரலில் நின்ற குவாஹாட்டி எக்ஸ்பிரஸில் வெடித்து ஒரு இளம்பெண் இறந்தார், அந்த ரயில் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தது, சென்ட்ரல் வாசலில் எத்தனை டிடெக்டர் சட்டம் இருந்தும் என்ன பயன்? 2008 நவம்பர் 26 மும்பை சிஎஸ்டி ரயில் நிலையத்தில் 58 பேர் சுடப்பட்டுச் செத்த இரவில் பலரைக் காப்பாற்றியது, மைக் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அறிவிப்பாளர். தன் அறையிலிருந்து நடப்பதைப் பார்த்துவிட்டு, வந்து இறங்கும் கூட்டத்தை வேறு வழியாக வெளியேறச் சொல்லித் திரும்பத் திரும்ப அறிவித்தார்.

மெஷினை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஈராக்கைவிட மோசமான உதாரணம் கிடையாது. ஏடிஇ 651 என்று ஒரு வெடிகுண்டு கண்டுபிடிப்பான், ஒரு பிளாஸ்டிக் பிடியில் ஆடுகிற ஆன்டெனா, உள்ளே வேலை செய்யும் எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானிலிருந்து பிறந்த சரக்கு, கோடிக்கணக்கான டாலருக்கு வாங்கி பாக்தாத் சோதனைச் சாவடிகளில் கொடுத்தார்கள். விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் லண்டனில் 10 வருஷம் சிறை. அதற்குப் பிறகும் சாவடிகளில் அதையே ஆட்டிக்கொண்டிருந்தார்கள். 2016 ஜூலையில் பாக்தாத்தின் கர்ராதா பகுதியில் குண்டுவெடிப்பு நடந்த பிறகுதான் ஈராக் பிரதமர் தூக்கிப் போடச் சொன்னார். ஸ்டார் பூஜ்யம். அது பீப் கூட அடிக்காது.

டெல்லியிலிருந்து திரும்பிய மறுநாள் அம்மாவுக்குச் செருப்பு வாங்க மறுபடி அதே மாலுக்குப் போனோம். சட்டம் பீப் அடித்தது. அம்மா டெல்லிப் பழக்கத்தில் அப்படியே நின்று, கைப்பை ஜிப்பைத் திறந்து, அந்தப் பையன் முன்னால் நீட்டினார். அவன் போனிலிருந்து நிமிர்ந்தான்.

"ஏன் தம்பி, பையப் பாக்கலையா?"

"பரவால்ல பாட்டி, நீங்க போங்க."