தரையில் நிற்கும் குளியல் தொட்டிக் குழாய்: ஆறு வருட அனுபவம்

குளியல் தொட்டியைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் அறையின் நடுவில் போட வேண்டும் என்று என் மனைவிக்கு ரொம்ப நாள் ஆசை. நாங்கள் தேர்ந்தெடுத்த தொட்டியின் விளிம்பு மெல்லியது, குழாய் மாட்ட அதில் ஓட்டை கிடையாது. சுவரும் எட்டாத தூரத்தில் இருந்தது. அதனால் தரையிலிருந்து தூண் போல எழுந்து, உச்சியில் வளைந்து தொட்டிக்குள் தண்ணீர் விடும் ரகத்தில் ஒன்றை வாங்கினோம். ஒற்றைத் தூண், ஒரு கைப்பிடி, பக்கத்தில் ஒரு ஹேண்ட் ஷவர். மாட்டி ஆறு வருடம் ஆகிறது. இதுவரை பட்ட தொல்லையில் முக்கால்வாசி டைல்ஸுக்கு அடியிலிருந்துதான் வந்தது. இன்றைக்கு நிம்மதியாக இருக்கிறேன் என்றால் அதற்கும் அடியில் செய்த வேலைதான் காரணம். எனவே குழாயின் அழகைப் பற்றிப் பெரிதாக எழுதப் போவதில்லை.

இடம் குறித்ததிலிருந்து தொடங்குகிறேன். தொட்டி வந்து சேர இரண்டு வாரம் இருந்தது. படத்தில்தான் அளவு இருக்கிறதே, பைப்பை இப்போதே எழுப்பிவிடலாம் என்று பிளம்பரை அவசரப்படுத்தினேன்.

"தொட்டி வரட்டும் சார். படத்தை நம்பித் தரையைத் தோண்டக் கூடாது" என்றார் அவர்.

"ரெண்டு வாரம் வேலை நிக்குமே அண்ணே?"

"நிக்கட்டும். ஒரு தடவை டைல்ஸ் ஒட்டிட்டா அப்புறம் ஒரு அங்குலம்கூட நகர்த்த முடியாது."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது தொட்டி வந்ததும் புரிந்தது. கீழே குறுகி மேலே அகன்ற வடிவம். அடிப்பக்கத்தை வைத்து அளந்தால் குழாய்க்குத் தாராளமாக இடம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் விளிம்பு ஒரு சாண் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. அவர் ஒரு பெரிய அட்டையில் விளிம்பின் வடிவத்தை வெட்டி, தரையில் விரித்து, அதன் ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளிப் புள்ளி வைத்தார். தூணுக்கும் விளிம்புக்கும் நடுவே துடைக்கும் துணியோடு கை போய்வர வேண்டும் என்பது அவர் கணக்கு. மறுபக்கம் ரொம்ப விலகிப் போனால் தண்ணீர் விளிம்பிலேயே பட்டுத் தெறிக்கும். எனவே குழாய் மூக்கின் நீளத்தையும் சேர்த்து அளந்தோம். இந்த ஆறு வருடத்தில் குழாய் மூக்கிலிருந்து ஒரு சொட்டும் தரையில் விழுந்ததில்லை.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் மூன்று காரியம் செய்தோம். பைப் முனைகளை அடைத்து, டெஸ்ட் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, காலை வரை முள் இறங்குகிறதா என்று பார்த்தோம். தரைக்குள் பதிக்கும் பெட்டியின் ஆழத்தைச் சரிபார்த்தோம். இந்தப் பெட்டிக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று ஒரு வரம்பு உண்டு. டைல்ஸ், அதன் கீழ் பசை எல்லாம் சேர்ந்து வரும் தரை மட்டம் அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூண் உட்காராது. மூன்றாவதாக, பைப் ஓடும் வழி நெடுக அளவு டேப்பை நீட்டி வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டோம். அப்போது அது எனக்கு வெட்டி வேலையாகப் பட்டது.

ஒன்றரை வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. அதன் பிறகு ஒரு நாள் துடைக்கும்போது தூண் லேசாக ஆடுவது கைக்குத் தெரிந்தது. ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம். அடியிலிருக்கும் வட்ட மூடியைச் சுற்றிப் பூசிய சிலிக்கான் ஒரு பக்கம் மயிரிழை அளவு பிரிந்திருந்தது. அந்தப் பக்கத்து டைல்ஸ் இடுக்கு மட்டும் மற்றதைவிடக் கறுத்திருந்தது. வயிற்றைக் கலக்கியது. தரைக்குள் பைப் ஒழுகுகிறது என்றால் மொத்தத்தையும் உடைக்க வேண்டும்.

பிளம்பர் பதறவில்லை. மூடியைத் தூக்கி, உள்ளே துணியால் நன்றாக ஒற்றி எடுத்து, ஒவ்வொரு இணைப்பைச் சுற்றியும் டிஷ்யூ காகிதத்தைக் கட்டினார். குழாயைத் திறக்காமல், பைப்பில் அழுத்தம் மட்டும் இருக்கும்படி இரண்டு மணி நேரம் விட்டோம். காகிதம் காய்ந்தே இருந்தது. அடுத்து தொட்டியை நிரப்பினோம், அப்போதும் காய்ந்தே இருந்தது. கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில், மூடியின் வெளிப்பக்கம் ஊற்றினார். கண் முன்னே காகிதத்தின் கீழ் ஓரம் நனைந்து, ஈரம் மெல்ல மேலேறியது. ஒழுகியது பைப் அல்ல. நாங்கள் குளித்து இறங்கும்போது தரையில் சிந்தும் தண்ணீர்தான் பிரிந்த சிலிக்கான் வழியே உள்ளே போயிருக்கிறது.

அப்படியானால் சிலிக்கான் ஏன் பிரிந்தது? தூண் ஆடியதால். தூண் ஏன் ஆடியது? இரண்டு காரணம். தூணின் அடியிலுள்ள தளத்தகட்டை டைல்ஸுக்குக் கீழேயுள்ள மேல்பூச்சில் பிளாஸ்டிக் பிளக் வைத்து நான்கு சிறிய ஸ்க்ரூவால் முடுக்கியிருந்தார்கள். பெட்டியோடு அந்த ஸ்க்ரூதான் வந்தது, நானும் கேள்வி கேட்கவில்லை. இன்னொரு காரணம் என் அம்மா. தொட்டியிலிருந்து எழுந்திருக்கும்போது அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். அவர் மேல் குறை சொல்ல முடியாது. ஈரக் காலோடு இறங்குகிற யாருடைய கையும் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒன்றைத் தானாகத் தேடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். தூண் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், அடியில் ஸ்க்ரூக்களுக்கு இடையே 10 சென்டிமீட்டர். உச்சியில் 10 கிலோ இழுப்பு விழுந்தால் அடியில் அது பத்து மடங்காகி, 100 கிலோ அளவு ஸ்க்ரூவைப் பிடுங்கப் பார்க்கும். நெம்புகோல் தத்துவம்தான். ஒரு பிளாஸ்டிக் பிளக் இதைத் தினமும் தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தூணைக் கழற்றி, ஒரே ஒரு டைல்ஸை எடுத்து, மேல்பூச்சைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் துளை போட்டு, ரசாயனப் பசையில் துருப்பிடிக்காத ஆங்கர் போல்ட்டுகளைப் பதித்தோம். துளை போடும்போதுதான் பழைய போட்டோவின் அருமை தெரிந்தது. சுடுதண்ணீர் பைப் ஒரு போல்ட் இடத்துக்கு மூன்று விரல் தள்ளி ஓடுகிறது என்பதை டேப்போடு எடுத்த அந்தப் படம் காட்டிக் கொடுத்தது. மரத்தளம் உள்ள வீடாக இருந்தால் பலகையில் முடுக்குவது போதாது. கீழே இரண்டு உத்தரங்களுக்கு இடையே தடித்த குறுக்குக் கட்டை கொடுத்து, அதில்தான் பிடிமானம் எடுக்க வேண்டும். அம்மாவுக்குச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி வைத்து, தொட்டியிலிருந்து அந்தப் பக்கமாக இறங்கும்படி வழக்கத்தை மாற்றினோம். அதற்குப் பிறகு நாலரை வருடமாகத் தூண் அசையவில்லை.

அடுத்தது தண்ணீர் வரத்து. இதைப் பற்றி வாங்குவதற்கு முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். குழாயோடு வந்த கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் 1 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் மேலே இருக்கும் ஒரே தொட்டியிலிருந்து வருகின்றன, உயர வித்தியாசம் 3 மீட்டர். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார். அப்படிப் பார்த்தால் எங்களுக்குக் கிடைத்தது 0.3 பார். 10 லிட்டர் வாளி நிரம்ப 100 வினாடி ஆனது. நிமிடத்துக்கு 6 லிட்டர். எங்கள் தொட்டியில் குளிக்கும் அளவுக்கு 180 லிட்டர் வேண்டும் என்பதால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நிரம்பி முடிவதற்குள் முதலில் விழுந்த சூடு ஆறிவிடும்.

பைப் மெல்லியதோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். தரை வரை போட்டிருந்தது 22 மில்லிமீட்டர் பைப்தான். 15 மில்லிமீட்டர் பைப்பைவிட அதன் உள்வட்டப் பரப்பு இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் கூடுதல். ஆனால் தூணுக்குள் ஏறும் பின்னல் ஹோஸின் உள்துளை சுண்டுவிரல்கூட நுழையாத அளவு சிறியது. பெரிய பைப்பில் வந்த தண்ணீர் கடைசி ஒரு மீட்டரில் நெருக்கடிப்பட்டது. அதை மாற்ற முடியாது, ஏனென்றால் தூணின் உள்ளே அவ்வளவுதான் இடம். எனவே சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் இரண்டு வழிக்கும் பொதுவாக ஒரு சிறிய பம்ப் வைத்தோம். இப்போது 1.5 பார் வருகிறது. வாளி 45 வினாடியில் நிரம்புகிறது, தொட்டிக்குப் பதின்மூன்று பதினான்கு நிமிடம் போதும். அழுத்தம் ஐந்து மடங்கு ஏறியும் வரத்து இரண்டேகால் மடங்குதான் ஏறியது. அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் வரத்து கூடும் என்பதால் அதுதான் எதிர்பார்க்கக்கூடிய அளவு. பம்பை ஒரு வழிக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒன்று மற்றதைத் தள்ளிவிடும், சூடு ஒரு நிலையில் நிற்காது.

ஹேண்ட் ஷவர் உள்ள குழாய் வாங்குபவர்கள், தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு உள்ளே இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். குழாய் மூக்கு தொட்டி விளிம்புக்கு மேலே இருப்பதால் அழுக்குத் தண்ணீர் அதன் வழியே திரும்பிப் போகாது. ஹேண்ட் ஷவர் அப்படி இல்லை. குழந்தைகள் அதைச் சோப்புத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு விளையாடுவார்கள். அந்த நேரம் பார்த்துப் பைப்பில் அழுத்தம் விழுந்தால், குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் அதே வழிக்குள் தொட்டித் தண்ணீர் உறிஞ்சப்படலாம். எங்கள் குழாயில் வால்வு இல்லை. இரண்டு வழியிலும் தனியாக வைத்தோம். சின்ன சாமான், வீட்டில் இருக்கும் எல்லோருடைய உடம்பையும் காக்கிறது.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்கச் சுடுதண்ணீரை 60 டிகிரியில் சேமிக்கச் சொல்வார்கள். அதே 60 டிகிரி தண்ணீர் ஐந்தாறு வினாடியில் தோலை வேகவைத்துவிடும். வரும் வழியில், பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டிக் கலவை வால்வு ஒன்று இருந்தால் கவலை இல்லை. அது இல்லாத வீட்டில் முதலில் பச்சைத் தண்ணீரை விட்டு, அதன் மேல் சுடுதண்ணீர் விடுங்கள்.

மூன்றாவது வருடம் குழாய் சொட்ட ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால், குழாய்க்குள் தண்ணீரைத் திறந்து மூடும் செராமிக் கார்ட்ரிட்ஜின் வட்டில் ஒரு கீறல், பக்கத்தில் ஒரு மணல் துகள். பம்ப் வைத்தபோது பைப்பை வெட்டி இணைத்தார்கள். அதன் பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டு அலசாமல் நேராகக் குழாய்க்கு விட்டிருக்கிறார்கள். புதுக் கார்ட்ரிட்ஜ் மாட்ட இருபது நிமிடம் ஆனது. ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவினேன். பெட்ரோலியம் ஜெல்லி பட்டால் அந்த ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். உப்புத் தண்ணீரால் மூக்கின் சல்லடை அடைத்துக்கொள்ளும்போது அதை மட்டும் கழற்றி வினிகரில் ஊறவைக்கிறேன். கறுப்புப் பூச்சுள்ள உடம்பில் வினிகர் படவிடுவதில்லை, ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துகிறேன். பூச்சு இன்றும் நன்றாக இருக்கிறது.

இத்தனை கழற்றல் மாட்டலிலும் வீட்டுத் தண்ணீரை ஒரு முறைகூட நிறுத்த வேண்டியிருக்கவில்லை. வாஷ்பேசினுக்குக் கீழேயுள்ள அலமாரிக்குள் இந்தக் குழாய்க்கென்றே இரண்டு அடைப்பு வால்வுகள் இருக்கின்றன. தரைக்கடியில் வைத்து மூடியிருந்தால் ஒவ்வொரு முறையும் திண்டாடியிருப்போம். மாதம் ஒருமுறை அந்த வால்வுகளைத் திருகித் திறக்கிறேன், இறுகிப் போகாமல் இருக்க.

மறுபடி வாங்குவேனா என்று கேட்கிறார்கள். சுவர் எட்டும் தூரத்தில் இருந்தால் சுவரில்தான் வைப்பேன். பிடிமானம் சுலபம், பழுது பார்ப்பதும் சுலபம். எட்டாது என்றால் இதையேதான் வாங்குவேன், ஆனால் ஆங்கர் போல்ட்டைக் கண்ணால் பார்க்காமல் டைல்ஸ் ஒட்டவிட மாட்டேன். மாற்றுக் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் வளையங்களும் ஒரு கவரில் போட்டு, மேலே மாடல் எண் எழுதி, அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். தரைக்குள் பைப் ஓடும் அந்தப் போட்டோவின் பிரதியும் அந்தக் கவருக்குள்ளேயே இருக்கிறது.