தார் பூசிய சேஸ்: பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

2024 மே மாதக் கடைசியில், மதுரை சுற்றுச்சாலை ஓரத்தில் பழைய வண்டி விற்கும் ஒருவரிடம் 2013 மாடல் பிக்கப் ஒன்றை 2,85,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஆகஸ்டில், முருங்கைக்காய் லோடோடு ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், ரெட்டியார்சத்திரம் அருகே அது நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டது. ஓட்டியவன் என் தம்பி. பின்னால் வந்த பஸ் டிரைவர் சமயத்தில் பிரேக் போட்டதால்தான் இன்று அவன் எங்களோடு இருக்கிறான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பார்க்கப் போன அன்று வண்டி பளபளவென்று நின்றது. வெள்ளைப் பெயின்ட், புது ரெக்சின் சீட், சுமையைத் தாங்கும் வில் போன்ற பின்பக்கக் கமான் பட்டைகளுக்கு வெள்ளி வண்ணம். தரையில் குந்தி அடியில் எட்டிப் பார்த்தேன். வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸ் முழுக்கக் கருகருவென்று தார் பூசியிருந்தது. “மழைக்கும் சேற்றுக்கும் பாதுகாப்பு அண்ணே, உங்களுக்காகவே அடித்து வைத்தேன். பட்டை எல்லாம் புதிது, எஃப்.சி. இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது” என்றார் வியாபாரி. எஃப்.சி. என்பது வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று. அந்தப் பதினோரு மாதம் என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன். அரசாங்க அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்ட வண்டிக்கு என்ன குறை இருந்துவிடும் என்று நினைத்தேன். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். அது அந்த ஒரு நாளின் நிலைமைக்குத்தான் சான்று. தாருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சுரண்டிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

வண்டி எண் டி.என். 51 என்று தொடங்கியது. அது நாகப்பட்டினத்து எண். மாநிலத்துக்குள் எத்தனை கை மாறினாலும் எண் மாறாது. எனவே வண்டி முதலில் எந்த ஊரில் பதிவானது என்பதை நம்பர் பிளேட்டே சொல்லிவிடும். “முதல் ஓனர் அரிசி மில்காரர்” என்றார் வியாபாரி. நாகப்பட்டினத்தில் அரிசி மில் இல்லாமலா போய்விட்டது என்று நானும் விட்டுவிட்டேன். மே மாதம் என்பதையாவது யோசித்திருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது மீன் ஏற்றும் வண்டிகளுக்கும் ஓட்டம் இருக்காது. தவணை கட்ட முடியாதவர்கள் அப்போதுதான் வண்டியைத் தள்ளிவிடுகிறார்கள் என்று பிறகு ஒரு மீன் வியாபாரி சொன்னார். விற்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, அது அவர்கள் கஷ்டம். மீன் வண்டியை அரிசி வண்டி என்று மாற்றிச் சொல்லி விற்றவர் மீதுதான் கோபம்.

ஜூன் கடைசியில் பெய்த முதல் மழையிலேயே உண்மை மணத்துவிட்டது. பலகை இடுக்குகளிலிருந்து கருவாட்டு வாடை கிளம்பியது. டிடர்ஜென்ட் போட்டு மூன்று முறை கழுவியும் போகவில்லை. அடுத்து, லோடு ஏற்றினால் வண்டி இடப்பக்கம் இரண்டு விரல் தாழ ஆரம்பித்தது. பின் டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தது. அலைன்மென்ட் பார்த்த பையன், “அண்ணே, பின் ஆக்சில் நேராக இல்லை, சேஸைப் பாருங்கள்” என்றான். சீசன் நேரம், பத்து நாள் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்தப் பத்து நாளுக்குள்தான் அது நடந்தது.

திண்டுக்கல்லில் பட்டை வேலை செய்யும் பெரியவர் ஒருவரின் கொட்டகைக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒரு பழைய உளியால் தாரைச் சுரண்டினார். தார் தோல் மாதிரி உரிந்து வந்தது. அதன் உள்பக்கத்தில் செம்பழுப்பு நிறத்தில், அப்பளம் போல அடுக்கு அடுக்காகத் துரு ஒட்டியிருந்தது. இடப்பக்க நீளச் சட்டத்தின் அடிவிளிம்பில் உளியை வைத்து லேசாகத் தட்டினார். உளி உள்ளே இறங்கிவிட்டது. அந்த ஓட்டையை மறைத்து ஒரு ஜாண் நீளத்துக்குத் தகடு வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். அந்த வெல்டிங்கின் ஓரத்திலேயே கிழிந்து, கமான் பட்டையைச் சேஸில் பிடிக்கும் முன்பக்க பிராக்கெட் சேஸ் தகட்டையும் பிய்த்துக்கொண்டு தொங்கியது. அது போனதும் ஆக்சில் பின்னால் தள்ளிப்போய், டயர் பாடியில் உரசி நின்றிருக்கிறது.

பெரியவர் சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன். மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வடியும் தண்ணீரில் உப்பு இருக்கிறது. அது பலகை இடுக்கு வழியாகச் சேஸில் சொட்டுகிறது. பிக்கப் சேஸின் சட்டம் ‘ப’ எழுத்தைச் சாய்த்து வைத்தது போன்ற சேனல். அதன் அடிவிளிம்பில் சேறும் உப்பும் தேங்கிக் காயவே காயாது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்துவிடும். ஆகவே குறுக்குச் சட்டமும் நீளச் சட்டமும் சேரும் இடங்களில், இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு வளர்ந்து, ரிவிட்டையே தள்ளிப் பிரித்துவிடும். துருவை நீக்காமல் மேலே தார் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. பாதுகாப்பு என்று எனக்குச் சொல்லப்பட்ட அதே தார்தான் மூன்று மாதமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

“பட்டை எல்லாம் புதிது” என்பதும் பொய். தொய்ந்த பழைய பட்டைகளைச் சுத்தியலால் அடித்து வளைத்து, வில் வந்தது போலக் காட்டி, பெயின்ட் அடித்திருந்தார்கள். வெறும் வண்டியாக நிற்கும்போது நிமிர்ந்து நிற்கும், லோடு ஏறினால் சில வாரத்தில் மறுபடி தொய்ந்துவிடும். கமான் பட்டை எவ்வளவு உரமான இரும்பு என்று அரிவாள் அடிக்கும் பட்டறைக்காரர்களைக் கேட்டால் தெரியும். லாரிப் பட்டையைத்தான் அவர்கள் தேடி வாங்குகிறார்கள். அந்த உரம் சரியான சூட்டில் பதப்படுத்துவதால் வருவது. கண்டபடி அடித்தாலும் பக்கத்தில் வெல்டிங் வைத்தாலும் அது கெடும். என் வண்டியில் மெயின் பட்டையின் முனையில் வளையமாகச் சுருட்டிய கண்ணுக்கு அருகே மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. விரலால் தடவினால் தெரியாது, பெரியவர் மண்ணெண்ணெய் தடவித் துடைத்த பிறகுதான் கோடாகத் தெரிந்தது.

ஆகவே பழைய பிக்கப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு சின்னச் சுத்தியலைக் கொண்டு போங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், நீளச் சட்டத்தை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும், அரித்த இடம் மொத்தென்று கேட்கும். பட்டை பிராக்கெட், பட்டையின் முனையைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிள், குறுக்குச் சட்டம் சேரும் இடம், இவற்றை விடாதீர்கள். தார் பூசியிருந்தால் நான்கு இடத்தில் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். அரைச் சுமையாவது ஏற்றி ஓட்டிப் பாருங்கள். சேஸில் பொறித்த எண்ணின் மீது தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து, பதிவுச் சான்றான ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். என் வண்டியில் கடைசி இரண்டு இலக்கங்கள் துருவில் பாதி போயிருந்தன. அடுத்த எஃப்.சி.க்கே அது தலைவலியாகியிருக்கும்.

வியாபாரியிடம் போனபோது, “பழைய வண்டிக்கு யார் அண்ணே உத்தரவாதம் கொடுப்பார்கள்?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். பதிவான பழைய வாகனங்களை வாங்கி விற்கும் வியாபாரிகள், 2023 ஏப்ரல் 1 முதல், பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். அவரிடம் அதுவும் இல்லை. நீங்கள் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தொழிலுக்கு வாங்கிய வண்டி ஆயிற்றே என்று தயங்க வேண்டாம், சுயதொழிலில் சொந்தப் பிழைப்புக்காக வாங்கியதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. “அரிசி மில் வண்டி, பட்டை புதிது” என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை நான் அழிக்காமல் வைத்திருந்தது இப்போது உதவுகிறது.

போன வாரம் அந்த வியாபாரியின் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வண்டியை அப்படியே கொடுத்தால் 1,20,000 ரூபாய் தருகிறார்களாம். எனக்குக் கடன் இருக்கிறது, பணம் தேவைதான். ஆனால் அவர்கள் அதைப் பழைய இரும்பாக உடைக்கக் கேட்கவில்லை. மறுபடி ஒரு தகடு வைத்து, தார் பூசி, இன்னொருவருக்கு விற்கத்தான் கேட்கிறார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆணையம் தீர்ப்புச் சொல்லும்வரை, தார் சுரண்டிய சேஸோடு அது எங்கள் தோட்டத்துப் புளியமரத்தடியில்தான் நிற்கும். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.