நாவல் பழச் சாற்றில் ஒரு சூரிய மின்கலம்: ஆசிரியர்களுக்கான இரண்டு நாள் பயிற்சி

மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர்களுக்காக ஒரு கல்லூரியின் வேதியியல் துறை நடத்திய சூரிய மின்கலப் பயிற்சியில் சென்ற ஜூலையில் கலந்துகொண்டேன். கட்டணம் இல்லை, மதிய உணவும் கொடுத்தார்கள். வேதியியலாளர்கள் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிரெட்செலும் 1991-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து உலகுக்கு அறிவித்த, ஒளியைச் சாயம் உறிஞ்சி மின்சாரம் தரும் சாயமேற்றிய மின்கலத்தை, பள்ளி ஆய்வகப் பொருள்களைக் கொண்டு ஆசிரியர்களே செய்து பழகுவதுதான் நோக்கம்.

முதல் நாள் காலை விரிவுரையைத் தவிர்த்திருக்கலாம். பாடநூலில் உள்ளதைத்தான் சொன்னார்கள். பயிற்சி உண்மையில் தொடங்கியது, டைட்டானியம் டை ஆக்சைடு தூளை வினிகர் விட்டுக் கல்வத்தில் அரைக்கத் தொடங்கிய பிறகே. ஒரு பக்கம் மட்டும் மின்கடத்தும் பூச்சு கொண்ட கண்ணாடித் தகட்டில் அந்தப் பக்கத்தை மல்டிமீட்டரால் கண்டறிந்து, ஓரங்களில் செலோடேப் ஒட்டி, அரைத்த விழுதைக் கண்ணாடிக் குச்சியால் இழுத்துப் பூசி, 450 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சுட்டெடுத்தோம்.

ஆறிய தகடுகளில் ஒன்றை நாவல் பழச் சாற்றிலும், இன்னொன்றை முருங்கைக் கீரையிலிருந்து அசிட்டோனில் இறக்கிய பச்சைச் சாற்றிலும் ஊறவைத்துக் கழுவச் சொன்னார்கள். பச்சை பெரும்பாலும் கழுவிக்கொண்டு போயிற்று; ஊதா அப்படியே நின்றது. நாவலின் ஆந்தோசயனின் சாயங்களில் அடுத்தடுத்து அமைந்த ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் டைட்டானியம் அணுவைப் பற்றிக்கொள்கின்றன, பச்சையத்தில் அத்தகைய பிடிமானம் இல்லை என்பதை விடை சொல்லித் தராமல், எங்களையே வாதிட்டு அடைய வைத்த அந்த ஒரு மணி நேரத்திற்காகவே இப்பயிற்சியை எந்த ஆசிரியருக்கும் பரிந்துரைப்பேன். உலோக அணுவை மற்ற தொகுதிகள் பற்றிக்கொள்ளும் அணைவுச் சேர்மங்கள் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்திய எனக்கு, ஒரு பிணைப்பைக் கண்ணால் பார்த்தது போன்ற நிறைவு அன்றுதான் கிடைத்தது.

பென்சில் கரி தேய்த்த இன்னொரு கண்ணாடியை மேலே வைத்து, பைண்டர் கிளிப்பால் இறுக்கி, இடுக்கில் அயோடைடு கரைசலை விட்டு வெயிலில் பிடித்தபோது எங்கள் கலம் 0.4 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. கையால் மறைத்தால் இறங்கியது. பாடநூலில் வரும் துத்தநாக-தாமிர மின்கலமான டேனியல் கலத்தில் துத்தநாகம் கரைந்துகொண்டே போகும். இங்கோ ஒளிபட்டு எலக்ட்ரானை இழந்த சாயத்திற்கு அயோடைடு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, அதனால் உருவாகும் டிரைஅயோடைடு கரி பூசிய முனையில் எலக்ட்ரானைப் பெற்று, அதாவது ஒடுக்கமடைந்து, மீண்டும் அயோடைடு ஆகிறது, ஆகவே கொள்கையளவில் எதுவும் தீர்வதில்லை. இந்த ஒப்பீட்டை விட மின்வேதியியலுக்கு நல்ல நுழைவாயிலை நான் அறியேன்.

குறை, பயிற்சி முடிந்த பிறகே தெரிந்தது. எங்கள் பள்ளியில் 450 டிகிரிக்குச் செல்லும் உலை கிடையாது. சாராய விளக்கில் சுட முயன்றதில் இரண்டு கண்ணாடிகள் விரிசல் விட்டன, அவர்கள் கொடுத்தனுப்பியவையும் அந்த இரண்டுதான். மின்கடத்தும் கண்ணாடியை எங்கே, எந்த அளவில் வாங்குவது என்ற விவரம் கையேட்டில் இல்லை. அயோடைடு கரைசலுக்குத் தண்ணீருக்குப் பதில் எத்திலீன் கிளைக்கால் எடுத்தால் விரைவில் உலராது என்பதை வாய்மொழியாகச் சொன்னதோடு சரி. எத்திலீன் கிளைக்கால் நச்சு என்பதால் மாணவர்கள் கையுறை அணிய வேண்டும் என்பதையும் எழுதித் தந்திருக்க வேண்டும்.

சுட்டெடுத்த தகடுகள் ஈரம் படாமல் வைத்தால் கெடுவதில்லை. ஆகவே அடுத்த முறை கல்லூரி உலையிலேயே ஆசிரியருக்குப் பத்துத் தகடுகள் சுட்டு, தாளில் சுற்றிக் கொடுத்தனுப்புமாறு கருத்துப் படிவத்தில் கேட்டிருக்கிறேன்.