சின்ன எஞ்சினில் பெரிய போர்: 143, 181, ஸ்ட்ரோக்கர் — எது யாருக்கு?

"மச்சான், 125 சிசி வண்டில 181 சிசி கிட் போட்டா எவ்வளவு போகும்?" என்று கேட்பவனிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "இப்போ எந்த இடத்துல உனக்கு இழுவை பத்தல?" பதில் வர நேரமாகும். மேட்டில் மூன்றாவது கியரில் திணறுகிறதா, பின்னால் ஆள் ஏறினால் சோர்ந்துவிடுகிறதா, நேர் சாலையில் 90-ஐத் தொடுவதற்குள் முக்குகிறதா? மூன்றும் வேறு வேறு நோய். போர் கிட் (போர் என்றால் சிலிண்டர் துளையின் விட்டம்; அதைப் பெரிதாக்கும் சிலிண்டர்-பிஸ்டன் தொகுப்பு இது) எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று நினைத்து வாங்கியவர்களின் அலமாரியில்தான் பாதி பிரித்த எஞ்சின்கள் தூங்குகின்றன. என் அலமாரியிலும் ஒன்று தூங்கியது, அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஒப்பிட இரண்டு எஞ்சின்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ஹோண்டாவின் படுக்கை வாட்டத்து 50 சிசி எஞ்சின். பழைய மங்கி, சிஆர்எஃப்50 போன்ற குட்டி வண்டிகளில் இருப்பது. இன்னொன்று, 2013-ல் வந்த முதல் தலைமுறை குரோம் 125. சில நாடுகளில் எம்எஸ்எக்ஸ்125 என்று பெயர். இந்த இரண்டுக்கும் கிடைக்கிற அளவு கிட் வகைகள் வேறு சின்ன வண்டிகளுக்குக் கிடைப்பது அபூர்வம். கணக்குப் பிடிபட்டுவிட்டால் உங்கள் வண்டிக்கும் அதையே போட்டுப் பார்க்கலாம்.

கணக்கு எளிது. போரை அதே போரால் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் (பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை ஓடும் தூரம்) பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கினால் கொள்ளளவு. அளவுகளைச் சென்டிமீட்டரில் போட்டால் விடை சிசியில் வரும். 50 சிசி ஹோண்டாவின் போர் 39 மிமீ, ஸ்ட்ரோக் 41.4 மிமீ, கொள்ளளவு 49.5. போரை மட்டும் 52 ஆக்கினால் 88 சிசி. வெறும் 13 மிமீ அகலத்துக்கு 78 சதவீதம் கூடுதல்! போர் இருமுறை பெருக்கப்படுவதால் வரும் மாயம் இது. யமஹா ஆர்எக்ஸ்100-க்கும் ஆர்எக்ஸ்135-க்கும் ஸ்ட்ரோக் ஒன்றுதான், 50 மிமீ. போர் 50-லிருந்து 58 ஆனதும் 98 சிசி 132 ஆகிவிட்டது. கம்பெனிக்காரனே செய்கிற வேலைதான் இது. என்ன, அவன் மற்ற பாகங்களையும் சேர்த்து மாற்றிவிட்டுத்தான் விற்பான்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரீபோர் வேறு, போர் கிட் வேறு. தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது பழுது பார்க்கும் வேலை. 0.25, 0.50, 0.75, 1.00 என்று படிப்படியாகத்தான் போக முடியும். குரோமின் 52.4 மிமீ போரை முழுசாக 1 மிமீ கடைந்தாலும் 124.9 சிசி 129.7 தான் ஆகும். நான்கு சதவீதம்கூட இல்லை. "ரீபோர் பண்ணதும் வண்டி பறக்குது" என்று சொல்பவர் உணர்வது புது பிஸ்டன் ரிங்கின் இறுக்கத்தை. போன கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் அளவு) திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அசல் போட்டிக்கு வருவோம். குரோமுக்கு 56 மிமீ போரில் 143 சிசி கிட், 63 மிமீ போரில் 181 சிசி கிட். ஸ்ட்ரோக் இரண்டிலும் பழைய 57.9 மிமீதான், பிஸ்டனோடு இணைந்து சுற்றும் கிராங்க்கைத் தொட வேண்டாம். காகிதத்தில் பார்த்தால் 143-ல் 14 சதவீதம் கூடுகிறது, 181-ல் 44 சதவீதத்துக்கும் மேல். பிளாக்கை (சிலிண்டர் பகுதி) கழற்றும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதானே, பெரியதையே போட்டுவிடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

காற்றை வைத்து யோசித்தால் படம் மாறும். குரோம் தன் உச்ச சக்தியைத் தருவது 7,000 ஆர்பிஎம்மில். அதாவது அந்த ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), அந்த வால்வு, அந்தக் கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) எல்லாம் சேர்ந்து வசதியாக மூச்சு விடும் எல்லை ஏறத்தாழ அதுதான். அதே ஹெட்டை 143-இன் மேல் வைத்தால், 125 எஞ்சின் 7,000-ல் குடித்த காற்றை இது 6,100 சொச்சத்திலேயே குடித்துவிடும். 181-ஆக இருந்தால் 4,850-லேயே. அதற்கு மேல் எஞ்சின் சுற்றும், ஆனால் மூச்சு முட்டும். கீழ் ஆர்பிஎம்மில் டிராக்டர் மாதிரி இழுவை, மேலே ஒன்றும் இல்லை. அதனால்தான் 181 கிட்டை முழுசாக அனுபவிக்க வேண்டுமானால் பெரிய வால்வு ஹெட், கேம், பெரிய த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர், சைலன்சர் என்று வரிசையாகக் கேட்கும். 143-க்குப் பழைய ஹெட்டே தாங்கும்; உச்ச சக்தி கொஞ்சம்தான் கூடும், ஆனால் தினசரி ஓட்டும் 4,000–6,000 வட்டத்தில் வித்தியாசம் கைக்குத் தெரியும்.

அடுத்தது கம்ப்ரஷன். பழைய குரோமில் அது 9.3-க்கு 1. 124.9 சிசியை 8.3-ஆல் (9.3-இல் 1 போக) வகுத்தால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் 15 சிசி. அந்த 15 சிசி மாறாமல் 143-ஐ அதில் அழுத்தினால் கம்ப்ரஷன் 10.5 ஆகும். நல்ல ஆக்டேன் பெட்ரோலுக்குத் தாங்கும். 181-ஐ அதே இடத்தில் அழுத்தினால் 13! காற்றில் குளிரும் எஞ்சினுக்கு அது தற்கொலைக்குச் சமம். அதனால் பெரிய கிட்டின் பிஸ்டன் தலையில் பள்ளம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஹெட்டின் அறை பெரிதாக இருக்க வேண்டும். கிட் வாங்கும்போது "எத்தனை சிசி" என்று கேட்பதைவிட "எந்த ஹெட்டோடு என்ன கம்ப்ரஷன்" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் ஈசியூ (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் குட்டிக் கணினி) இன்னொரு தலைவலி. புகை வெளியேறும் வழியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நிதானமாக ஓட்டும்போது அது ஓரளவு சரிக்கட்டும், உண்மைதான். முழு த்ராட்டில் முறுக்கும்போது அதன் பேச்சு எடுபடாது. ஈசியூ தன்னிடம் உள்ள பழைய அட்டவணைப்படியே பெட்ரோல் தரும். பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் குறைவாகக் கிடைக்கும். 143-க்கே எரிபொருள் கன்ட்ரோலர் ஒன்று வைப்பது நல்லது. 181-க்கு அது இல்லாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. கார்பரேட்டர் வண்டியில் இந்த வேலை மலிவு. 88 சிசி ஆக்கிய குட்டி ஹோண்டாவுக்கு 20 மிமீ கார்பரேட்டர் வாங்கி, மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் சின்னத் துளை) மாற்றி மாற்றிப் போட்டு, பிளக் நிறத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மதியப் பொழுதில் முடித்துவிடலாம். பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் பத்தவில்லை, கரியாக இருந்தால் கூடுதல், காபிப் பொடி நிறத்தில் நிறுத்துங்கள்.

இப்போது என் அலமாரி எஞ்சின். 50-லிருந்து 88 ஆக்கிய வண்டி. கிட் பெட்டியில் பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் பளபளவென்று இருந்தன. பிஸ்டன் தலையில் 'ஐஎன்' குறி இன்லெட் பக்கம் பார்த்திருக்கிறதா என்று இருமுறை பார்த்தேன். பிஸ்டன் பின்னைப் பூட்டும் சர்க்லிப் தெறித்து உள்ளே விழாமல் கிராங்க் கேஸ் வாயில் துணி அடைத்தேன். எல்லாம் செய்தவன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் அளக்கவில்லை. பெட்டியில் சேர்ந்தே வந்ததுதானே, பொருந்தாமலா இருக்கும் என்ற நம்பிக்கை. முதல் ஓட்டத்தில் இருபது நிமிடம் அருமையாகப் போனது. ஒரு நீள மேட்டில், யாரோ பின்பிரேக்கை மெல்ல மிதிப்பது போல வண்டி இறுகி நின்றது. ஆறவைத்து கிக்கரை மிதித்தால் அசைந்தது. வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து பிரித்துப் பார்த்தால் சிலிண்டரில் மேலிருந்து கீழாகப் பூனை பிறாண்டியது போலக் கோடுகள். ரிங்கின் இரண்டு முனைகளும் கண்ணாடி மாதிரி மினுங்கின. சூட்டில் ரிங் விரிந்து, முனையோடு முனை முட்டி, போக இடமில்லாமல் சுவரை நெருக்கியிருக்கிறது. அதே கிட்டின் உபரி ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்தேன். 0.05 தகடுகூட நுழையவில்லை.

கிட்டோடு அளவு எதுவும் கொடுக்கவில்லை என்றால் ரிங் இடைவெளிக்குப் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: போர் அளவை 0.004-ஆல் பெருக்குங்கள். 52 மிமீக்கு 0.20, 63 மிமீக்கு 0.25. குறைவாக இருந்தால் சன்ன அரத்தில் ஒரே பக்கமாக, வெளியிலிருந்து உள்நோக்கித் தேய்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. கூடவே வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள். பிஸ்டன் தலையில் விளையாட்டுக் களிமண் ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றினால் வால்வு பதிந்த இடத்தில் களிமண் எவ்வளவு கனமாக மிஞ்சியிருக்கிறது என்று தெரியும். இன்லெட் பக்கம் 1 மிமீ, எக்ஸாஸ்ட் பக்கம் 1.5 மிமீயாவது இருந்தால் நிம்மதி.

சிலிண்டர் எதனால் ஆனது என்பதிலும் இரண்டு கட்சி. இரும்பு ஸ்லீவ் போட்டது மலிவு, என் மாதிரி ஆட்கள் கெடுத்தால் மறுபடி கடைந்துகொள்ளலாம். நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு போட்ட அலுமினிய சிலிண்டர் சூட்டை வேகமாக வெளியேற்றும், தேய்மானம் குறைவு. ஆனால் பூச்சு போய்விட்டால் கடைய முடியாது, மறுபூச்சு அல்லது புதுசு. 181 போடுகிறவர் பூச்சுக்கே போகட்டும். முதல்முறை எஞ்சின் திறப்பவருக்கு இரும்பு. ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டனைப் பற்றி ஒரு வார்த்தை: 2618 ரக அலுமினியத்தில் செய்தது அடி தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும், எனவே இடைவெளி கூடுதலாக விட்டிருப்பார்கள். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் 'டக டக' சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். சிலிக்கன் அதிகமுள்ள 4032 ரகம் சத்தம் குறைவு. தினசரி வண்டிக்கு எனக்குப் பிடித்தது அதுவே.

ஸ்ட்ரோக்கர், அதாவது கிராங்க்கை மாற்றி ஸ்ட்ரோக்கையே நீட்டுவது, வேறு உலகம். 52 மிமீ போரோடு 50 மிமீ ஸ்ட்ரோக் கிராங்க் போட்டால் 106 சிசி; 54-க்கு 54 என்றால் 124 சிசி. இழுவை அபாரம். ஆனால் எஞ்சினை முழுசாக இறக்கி, கேஸை இரண்டாகப் பிளந்து, பேரிங் வரை மாற்ற வேண்டும். பிஸ்டன் ஓடும் வேகமும் கூடும். 9,000 ஆர்பிஎம்மில் 41.4 ஸ்ட்ரோக் எஞ்சினின் பிஸ்டன் விநாடிக்குச் சராசரி 12.4 மீட்டர் ஓடுகிறது, 54 ஸ்ட்ரோக்கில் 16.2 மீட்டர். போர் மட்டும் கூட்டினால் இந்த எண் மாறாது. பிஸ்டன் கனமாவதால் அதிர்வுதான் கூடும். எப்படியும் கிராங்க் பேரிங் கத்துகிறது, எஞ்சினைப் பிளக்கத்தான் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் ஸ்ட்ரோக்கரை யோசிக்கலாம். நல்ல கிராங்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டு இதைச் செய்ய எனக்கு மனசு வராது.

எஞ்சினைத் திறக்காமலே ஒரு வழி இருக்கிறது, யாருக்கும் பிடிக்காத வழி. மேடுதான் பிரச்சினை என்றால் பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) இரண்டு பல் கூட்டிப் பாருங்கள். 34 பல் 36 ஆனால் ஒவ்வொரு கியரிலும் ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல் இழுவை. டாப் ஸ்பீடில் கொஞ்சம் போகும். 143 கிட் தரும் 14 சதவீதத்தில் பாதிக்கு அருகில், ஒரு ஸ்பேனர் செட் வேலையில். கேட்க வருபவர்களில் பாதிப் பேரை நான் இங்கேயே திருப்பி அனுப்பிவிடுவேன், கோபத்தோடுதான் போவார்கள்.

வேறு வண்டியின் பெரிய எஞ்சினையே தூக்கி வைப்பதும் உண்டு. மவுன்ட், வயரிங், செயின் லைன் மூன்றும் ஒத்துவந்தால் 181-ஐவிட அது உழைக்கும். ஒத்துவராவிட்டால் வெல்டிங் மெஷினோடு குடித்தனம். கிட்டோ எஞ்சினோ, சிசி மாறினால் பதிவுச் சான்றிலும் காப்பீட்டிலும் உள்ள எண் பொய்யாகிவிடும். அதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு பிளாக்கில் கை வையுங்கள்.

என் குரோமில் இப்போது ஓடுவது 143. ஹெட் பழையது, எரிபொருள் கன்ட்ரோலர் புதுசு, முன் ஸ்ப்ராக்கெட் 15-லிருந்து 16. முதல் ஆயிலை 100 கிலோமீட்டரிலேயே மாற்றினேன். வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டால் மீசை போல இரும்புத்தூள் ஒட்டியது, இரண்டாவது மாற்றத்தில் அது பாதிக்கும் கீழே. கிளட்ச் மட்டும் நான்காவது கியரில் திடீரென்று முறுக்கினால் ஒரு நொடி வழுக்குகிறது. ஸ்பிரிங் கடினமானது வாங்கி வைத்திருக்கிறேன்.