சுனௌலி வழியாக நேபாளத்துக்குக் காரில் போகிறீர்களா? பன்சார் ரசீதில் தேதியைப் பாருங்கள்

முக்திநாத் கோயிலுக்குச் சொந்தக் காரில் போகிற எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 2023 மே மாதம் கோவையிலிருந்து நான், மனைவி, அப்பா மூன்று பேரும் போனோம். நாக்பூர், ஜபல்பூர், காசி, கோரக்பூர் வரை ஒரு பஞ்சர்கூட இல்லை. ஏமாந்தது எல்லைக்கு நூறு மீட்டர் முன்னால்.

கோரக்பூரிலிருந்து சுனௌலி சுமார் நூறு கிலோமீட்டர். எல்லை நெருங்க நெருங்க லாரிகள், ரிக்‌ஷாக்கள், ஒரே தூசி. டிஎன் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் ஒருவர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். "வணக்கம் அண்ணா, முக்திநாத்தா?" நான்கு நாளாக அரைகுறை இந்தியில் திண்டாடிக்கொண்டு வந்தவனுக்கு அந்த ஒரு வணக்கம் போதாதா? கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

நேபாளம் போக நமக்கு விசா வேண்டாம். வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ இருந்தால் போதும். ஆனால் வண்டிக்குச் சீட்டு வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் பெலஹியாவில் இருக்கும் நேபாளச் சுங்க அலுவலகத்தில், இத்தனை நாள் தங்குவோம் என்று சொல்லி நாள் கணக்கில் பணம் கட்டி வாங்குவது. அதைத்தான் எல்லோரும் பன்சார் என்கிறார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், "வரிசை மூணு மணி நேரம் அண்ணா, வெயில்ல பெரியவரை வெச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படறீங்க" என்று அவர் உடைந்த தமிழும் இந்தியுமாகச் சொன்னதும் மனம் இளகிவிட்டது. மே 2 முதல் 10 வரை, ஒன்பது நாள். அவருடைய கூலியும் சேர்த்து 6,000 ரூபாய். அசல் ஆர்சி புத்தகத்தையும் லைசென்ஸையும் அவர் கையில் கொடுத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டார். ரசீது முழுக்க நேபாளி, எண்கள்கூட நாகரி எழுத்தில். புரியாமல் விழித்தேன். சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் "2-5, 10-5" என்று பெரிதாக எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார்.

"ஏங்க, முன்பக்கம் தேதி எங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"அதெல்லாம் நேபாளிம்மா, விடு" என்றேன். இதை அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

போக்ராவில் காரை நிறுத்திவிட்டு ஜீப்பில் மேலே போனோம். 5ஆம் தேதி சித்ரா பௌர்ணமி. எழுபது வயதில், 3,700 மீட்டர் உயரத்தில், கோயிலின் அந்த 108 நீர்த் தாரைகளுக்கும் அடியில் அப்பா தலையைக் காட்டிக்கொண்டே ஓடினார். அதை எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

7ஆம் தேதி காலை காட்மாண்டு கிளம்பினோம். போக்ராவைத் தாண்டுவதற்குள் டிராஃபிக் போலீஸ் கை காட்டினார். "பன்சார்?" ரசீதை நீட்டினேன். பின்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. முன்பக்கத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்து, 2080-01-21 என்று வாசித்தார். அனுமதி 21ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இன்று 24 என்றார்.

பின்சீட்டிலிருந்து அப்பா, "இருபத்து நாலா? நமக்கும் இன்னிக்கு சித்திரை 24தானேப்பா!" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. நேபாளத்து அரசுக் காகிதங்களில் ஓடுவது விக்ரம் சம்வத் என்ற காலண்டர். நம் 2023 ஏப்ரலில் அவர்களுக்கு 2080 பிறந்தது. முதல் மாதம் வைசாகம். பெயரைப் பார்த்து வைகாசி என்று நினைக்காதீர்கள், அது நம் சித்திரை. அவர்களும் சூரியனை வைத்து மாதம் கணக்கிடுகிறவர்கள் என்பதால், நம் தினசரிக் காலண்டரின் தமிழ்த் தேதியும் அவர்கள் தேதியும் ஒன்றாகவே வரும், மிஞ்சிப்போனால் ஒரு நாள் முன்பின். ஏஜென்ட் ஒன்பது நாளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு மூன்று நாளுக்குக் கட்டியிருக்கிறார். சித்திரை 19 முதல் 21 வரை. வீட்டுச் சமையலறையில் தொங்கும் காலண்டர் கையில் இருந்திருந்தால் டீக்கடையிலேயே பிடித்திருக்கலாம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, சுங்க அலுவலகம் திறந்திருக்குமா என்று பயந்தேன். அப்போது அங்கே வார விடுமுறை சனிக்கிழமை. தப்பித்தோம். கடந்த நாள், இனி வேண்டிய நாள், அபராதம் எல்லாம் சேர்த்து ஏஜென்டுக்குக் கொடுத்ததைவிட அதிகமாகவே கட்டினேன். ஒரு பகல் முழுக்கப் போயிற்று, காட்மாண்டுவும் போயிற்று. சுங்கத்தில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பணத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐசி என்றால் இந்திய ரூபாய், என்சி என்றால் நேபாள ரூபாய். நம் 100 அங்கே 160. சுங்கக் கட்டணம் என்சியில்தான். "ஆயிரம்" என்று யாராவது சொன்னால் எந்த ஆயிரம் என்று கேளுங்கள். என்சி ஆயிரம் என்றால் நம் கணக்கில் 625தான். நான் கேட்கவில்லை, ஐசியாகவே எண்ணிக் கொடுத்தேன். இன்னொன்று, நம் கார் இன்சூரன்ஸ் தானாக அங்கே செல்லாது. நேபாளத்தையும் சேர்த்துத் தரச் சொல்லிக் கிளம்பும் முன்பே கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். ஊர் திரும்பிய பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன், நல்லவேளை ஒரு கீறலும் விழவில்லை.

10ஆம் தேதி திரும்பும்போது பெலஹியா கவுன்டரை எட்டிப் பார்த்தேன். வரிசையில் ஏழெட்டுப் பேர். இந்தப் பக்கம் வந்தால் அதே டீக்கடை வாசலில் ஆள் நிற்கிறார். "தரிசனம் நல்லா ஆச்சா அண்ணா?" ரசீதைக் காட்டினேன். கவுன்டரில் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றார். பணத்தைக் கேட்டதும் தமிழ் மறந்துவிட்டது. அதற்குள் கர்நாடகா வண்டி ஒன்று வந்து நிற்க, அதை நோக்கி நகர்ந்தார். நான் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, மனைவி என் கையிலிருந்த ரசீதைப் பிடுங்கிக்கொண்டு அவருக்கு முன்னால் போய் அந்த வண்டியின் கண்ணாடியைத் தட்டினாள்.