பழைய செட்டிநாட்டு வீட்டில் ஒரு மின்காந்தப்புல மானி: வாங்கலாமா?

இணைய அங்காடிகளில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் முதல் கிடைக்கும் கையடக்க மின்காந்தப்புல மானி ஒன்றை, அதனுடன் இலவசமாக வந்த, கைப்பேசியில் ஒட்டும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கரோடு சேர்த்து, காரைக்குடியை அடுத்த எங்கள் பூர்வீக வீட்டில் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். மானியை வாங்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் விற்பவர்கள் சொல்வதுபோல், கதிர்வீச்சு ஆபத்தைக் கண்டுபிடிப்பதற்காக வாங்க வேண்டாம். ஸ்டிக்கரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கருவி பழைய பட்டன் கைப்பேசி அளவில் இருக்கிறது. திரையில் மின்புலம் வோல்ட்/மீட்டரிலும் காந்தப்புலம் மைக்ரோடெஸ்லாவிலும் தெரிகின்றன. இந்த விலையில் வரும் மானிகளின் உள்ளே பெரும்பாலும், ஒரு திசையின் காந்தப்புலத்தை மட்டும் உணரும் ஒரே ஒரு கம்பிச் சுருள்தான் இருக்கும் என்பதால், ஒரே இடத்தில் அதை எல்லாத் திசைகளிலும் திருப்பிப் பார்த்து, அவற்றுள் பெரிய எண்ணைக் கணக்கில் கொள்ள வேண்டும்; கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 5 ஹெர்ட்ஸ் முதல் 3500 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப முடியாது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு மானி ஓரளவு நம்பகமாக இருக்கிறது. 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இயங்கும் இண்டக்ஷன் அடுப்பின் அருகிலோ, 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் வைஃபை பெட்டியின் அருகிலோ அது காட்டும் எண்ணுக்குப் பொருளில்லை. மின்புல எண்ணும், பிடித்திருப்பவர் செருப்போடு நிற்கிறாரா, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நிற்கிறாரா என்பதைப் பொறுத்தே மாறிவிடுகிறது. ஆகவே காந்தப்புல எண்ணை மட்டுமே நான் பார்க்கிறேன்.

அந்த எண் 0.4 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டியவுடன் சிவப்பு விளக்கு எரிந்து கருவி கத்தத் தொடங்குகிறது. "வீட்டுக்குள்ள என்னப்பா இருக்கு, இது இப்படி அலறுது?" என்று அப்பத்தா கேட்டதில் தவறில்லை, கருவி மிரட்டுவதற்கென்றே செய்யப்பட்டதுபோல் இருக்கிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். வீட்டின் நெடுநாள் சராசரிக் காந்தப்புலம் 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த இடங்களில், குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காணப்பட்டதாக, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த சில தொகுப்பாய்வுகள் கூறின. காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை. அவற்றின் அடிப்படையில்தான் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் வீட்டு மின்சாரம் போன்ற தாழ் அதிர்வெண் காந்தப்புலத்தை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்னும் 2பி பிரிவில் வைத்தது. பொதுமக்களுக்கு 50 ஹெர்ட்ஸ் புலத்தில் பன்னாட்டு வழிகாட்டு நெறி 2010 முதல் கூறும் அளவோ 200 மைக்ரோடெஸ்லா. மிக்ஸி ஓடும் இரண்டு நிமிடத்தில் கருவி அலறுவதை ஆண்டுக்கணக்கான சராசரியோடு ஒப்பிடுவது முறையாகாது. நாம் நிற்கும் மண்ணின் காந்தப்புலமே சுமார் 40 மைக்ரோடெஸ்லா இருக்கிறது. அது மாறாத புலம் என்பதால் மானி அதைக் காட்டுவதில்லை.

மானி உண்மையில் கற்றுக்கொடுப்பது தூரத்தின் கணக்கை. மிக்ஸியின் அடிப்பாகத்தை ஒட்டிப் பிடித்தால் பத்தைத் தாண்டும் எண், ஒரு முழம் தள்ளி நின்றால் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கிரைண்டர், ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் இதுவே கதை. ஆனால் சுவரை நம்பக் கூடாது. சுண்ணாம்புக் காரை பூசிய நம் கனத்த சுவர்கள் மின்புலத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும். காந்தப்புலம் அவற்றை இல்லாததுபோல் ஊடுருவிச் செல்லும். இன்வெர்ட்டரும் மெயின் போர்டும் சுவரின் ஒருபுறம் இருக்க, மறுபுறம் கட்டிலின் தலைமாடு இருந்தால் கட்டிலை நகர்த்திப் போடுவது நல்லது. அதற்குச் செலவே இல்லை.

இனி, இந்த மானிக்குக் கொடுத்த பணத்துக்கு மேல் எனக்குக் கிடைத்த பயன். எங்கள் பட்டாலை எனப்படும் கூடத்தில் எந்தச் சாதனமும் அருகில் இல்லாத ஓரிடத்தில் மானி 0.6 காட்டியது, பெரியப்பா பகுதியில் ஏசி ஓடும்போது மட்டுமே அந்த எண் எழுந்தது. மின்சாரம் வரும் பேஸ் கம்பியும் அது திரும்பும் நியூட்ரல் கம்பியும் பக்கத்துப் பக்கத்தில் சென்றால், எதிரெதிர்த் திசையில் ஓடும் மின்னோட்டங்களின் புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு கம்பியில் மட்டும் 1 ஆம்பியர் தனித்து ஓடினால், 1 மீட்டர் தொலைவில் 0.2 மைக்ரோடெஸ்லா இருக்கும். கம்பி அந்தத் தொலைவில் இருப்பதாகக் கொண்டால், அங்கே ஏறத்தாழ 3 ஆம்பியர் துணையில்லாமல் ஓடுகிறது என்று பொருள். தேடியதில், பங்காளிகளுக்குள் பகுதி பிரித்து இரண்டு சர்வீஸ் (மின் இணைப்பு) வாங்கிய காலத்தில், மாடிப்படி விளக்கின் பெட்டிக்குள் இரு சர்வீஸ்களின் நியூட்ரல்களையும் யாரோ முறுக்கி இணைத்திருந்தது தெரிந்தது. ஏசியின் மின்னோட்டத்தில் ஒரு பகுதி எங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று முன்பொருமுறை வந்த மின்பணியாளர் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போனதற்கும் காரணம் இதுவே: போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் 30 மில்லிஆம்பியர் அளவு வேறுபாடு இருந்தாலே அது விழ வேண்டும், விழுந்திருக்கிறது. நியூட்ரல்களைப் பிரித்தபின் பட்டாலையில் எண் 0.1-க்கும் கீழே போனது. ஆர்சிசிபியும் தன் இடத்துக்குத் திரும்பியது. புற்றுநோய்ப் பயத்தைவிட, ஷாக் அடித்தால் காப்பாற்ற வேண்டிய கருவி இல்லாமல் வீடு இத்தனை நாள் இருந்ததுதான் என்னை உலுக்கியது.

இன்வெர்ட்டருக்குத் தனி பேஸ் இழுத்துவிட்டு நியூட்ரலைக் கண்ட இடத்தில் கொடுத்திருக்கும் வீடுகளிலும் இதே சிக்கல் வரும். இதை உறுதிசெய்ய மின்பணியாளரிடம் இருக்கும், கம்பியைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரே போதும்: பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் அது ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும்.

கைப்பேசி, வைஃபை விஷயத்தில் இந்த மானிக்கு வேலையில்லை. கணக்குப் போட்டாலே போதும். 0.1 வாட் வெளியிடும் வைஃபை பெட்டியிலிருந்து 2 மீட்டர் தொலைவில், அது எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதாகக் கொண்டால், சதுர மீட்டருக்கு 2 மில்லிவாட் வரும். கைப்பேசிக் கோபுரங்களுக்கு இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் பன்னாட்டு அளவில் பத்தில் ஒன்றாகக் குறைத்து வைத்த வரம்பு 1800 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.92 வாட். தலைக்கு அருகில் வரும் கைப்பேசியே இதில் பெரிய பங்காளி. சிக்னல் குறைந்த இடத்தில் அது தன் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும். இரண்டாம் கட்டு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதைவிட, முகப்பிலோ வளவின் திறந்த முற்றத்திலோ நின்று பேசலாம். ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசினால் இன்னும் நல்லது.

ஸ்டிக்கருக்கு வருகிறேன். அது அலைகளைத் தடுக்காவிட்டால் பயனில்லை. தடுத்தால் கைப்பேசி இன்னும் உரக்கக் கத்தும், அதாவது தன் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும். இத்தகைய தடுப்புச் சாதனங்களை விற்ற நிறுவனங்கள்மீது அமெரிக்க வணிக ஆணையம் 2002-லேயே நடவடிக்கை எடுத்தது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், '5ஜி எதிர்ப்பு' பதக்கங்கள் முதலான சில பொருள்களே அயனியாக்கும் கதிர்வீச்சை (எக்ஸ்-கதிர் போல உடலின் செல்களைப் பாதிக்கக்கூடியதை) வெளியிடுவதாகக் கண்டு, அவற்றை அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. எனவே இலவசமாகக் கிடைத்தாலும் ஒட்ட வேண்டாம். அதைக் காட்டி விலை ஏற்றியிருந்தால் அந்த மானியையே தவிர்க்கலாம்.

புதிய வயரிங்கும் ஒரே சர்வீஸும் உள்ள வீட்டுக்கு இந்தக் கருவி தேவையில்லை. பங்கு பிரித்துப் பிரித்துக் கம்பி இழுத்த பழைய வீடுகளுக்கு, ஒலியை அணைத்துவைக்கும் வசதி உள்ள மலிவான ஒன்று போதும். மூன்று சுருள் உள்ள மானி கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது, வசதியானது, ஆனால் கட்டாயமில்லை. ஒரு தெருவுக்கு ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலும் தகும்.