இடுப்பு வலிக்கு ஆஸ்பத்திரி பிசியோ: ஐந்து முறை போய் வந்த அனுபவம்

இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் 21 வருஷமாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். 2025 ஜனவரியில் எனக்கு இடுப்பு பிடித்தது. மழையில் நனைந்த கொழுந்தோடு கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் படியில் ஏறும்போது இடது பக்கம் சுள்ளென்று இழுத்தது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று சித்தாலேப தைலம் தடவிக்கொண்டும் உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டும் வேலைக்குப் போனேன். சரியாகவில்லை. ராத்திரி புரண்டு படுக்க முடியாது. காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குனிந்து முகம் கழுவக்கூட மகள் தண்ணீர் அள்ளித் தர வேண்டியிருந்தது.

ஏப்ரலில் இருந்து ஜூலை வரை அரசாங்க ஆஸ்பத்திரியின் பிசியோ (பிசியோதெரபி, உடம்பை அசைத்துப் பழக்கும் வைத்தியம்) பிரிவுக்கு ஐந்து தடவை போனேன். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் அதற்கு முன்னால் காசு கொடுத்துச் செய்த இரண்டு காரியங்களைச் சொல்லாவிட்டால் கதை அரைகுறையாகிவிடும்.

முதலாவது எண்ணெய் வைத்தியம். பக்கத்துக் கிராமத்து வெதமாத்தயாவிடம் (சிங்கள நாட்டு வைத்தியர்) பெப்ரவரியில் ஏழு நாள் போனேன். பெண்களுக்கு அவருடைய மனைவிதான் தடவி விடுவார். ஒரு தடவைக்கு 1,500 ரூபா, மொத்தம் 10,500. அதை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். சூடான எண்ணெய் வைத்து அந்த அம்மா உருவி விட்டபோது ஒரு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக முழு ராத்திரி தூங்கினேன். ஆனால் ஏழு நாளும் முடிந்தது, பத்தாம் நாள் வலி திரும்பி வந்துவிட்டது.

இரண்டாவது இடுப்பு பெல்ட். டவுன் பார்மசியில் 2,850 ரூபா. மலையில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குக்கு உள்ளே கட்டிக்கொண்டு போனால் வேர்த்து அரித்தது, கூடை சரியாக முதுகில் உட்காரவில்லை. இரண்டு வாரத்தில் கழற்றிவிட்டேன்.

அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். கால் மரத்துப் போகிறதா, காலில் பலம் குறைகிறதா, சிறுநீர் கழிப்பதில் கஷ்டம் இருக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா, உடம்பு மெலிகிறதா என்றெல்லாம் கேட்டு, எக்ஸ்ரே தேவையில்லை என்று பிசியோவுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். அந்த மாதிரி அறிகுறி உங்களுக்கு இருந்தால் பிசியோ தேதிக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

பிசியோ அறை சின்னது. இரண்டு கட்டில், சூடு கொடுக்கும் ஒரு சிவப்பு லைட், சுவரில் ஒரு கண்ணாடி. அங்கே பிசியோ வைத்தியம் செய்யும் மிஸ் சிங்களப் பிள்ளை. கொஞ்சம் தமிழ் பேசுவார், வராத இடத்தில் கிளினிக்கில் வேலை செய்யும் தமிழ்த் தங்கச்சி ஒருத்தியைக் கூப்பிடுவார். வலியைச் சொல்வதற்குத்தான் மொழி அதிகம் தேவைப்படுகிறது. நான் “கடுக்குது” என்றேன், “விறுவிறுக்குது” என்றேன். மிஸ் தொட்டுப் பார்த்து “ரிதெனவத?” (வலிக்குதா?) என்றார். கடுப்பு வேறு, விறுவிறுப்பு வேறு என்பதை அந்தத் தங்கச்சி நின்று விளக்கிச் சொன்ன பிறகு மிஸ் அட்டையில் எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார்.

முதல் நாள் என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லவில்லை. மூலையில் இருந்த வாளியைக் காட்டி, “அக்கா, கூடையை எப்படித் தூக்குவீங்க? செய்து காட்டுங்க” என்றார். தலைக்கயிறு போடுவது போலச் செய்து காட்டினேன். பக்கத்தில் நின்று ஒரு தடவை, பின்னால் நின்று ஒரு தடவை பார்த்தார். எங்களை மேய்க்கும் கங்காணி கூடைக்குள் இருப்பதைத்தான் பார்ப்பார். நான் கூடை தூக்குவதை 21 வருஷத்தில் அன்றைக்குத்தான் ஒருவர் நின்று பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சரி, என்ன வைத்தியம் செய்தார்கள்? பத்து நிமிஷம் லைட் பிடித்தார்கள், சுகமாக இருந்தது. மிச்ச நேரமெல்லாம் பயிற்சி. குப்புறப் படுத்துக் கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குவது. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. முழங்காலை நெஞ்சோடு அணைப்பது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, காலையிலும் மாலையிலும்.

இரண்டாம் தடவை போனபோது உண்மையைச் சொன்னேன், செய்யவில்லை என்று. எங்கள் லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறை) ஐந்து பேர் இருக்கிறோம். காலை நாலரை மணிக்கு நான் எழும்பும்போது பிள்ளைகள் தரையில் படுத்திருப்பார்கள். சிமெந்துத் தரை ஐஸ் மாதிரி இருக்கும். நான் எங்கே குப்புறப் படுப்பது? திட்டுவார் என்று நினைத்தேன். மிஸ் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எல்லாவற்றையும் நின்றுகொண்டு செய்வதாக மாற்றித் தந்தார். இஸ்தோப்பு (முன் திண்ணை) சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்கார்ந்து எழும்ப வேண்டும். மலையில் ஒரு நிரை முடிந்ததும் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பின்னால் வளைய வேண்டும், ஐந்து தடவை. கூடை நிறையும்வரை காத்திருக்காமல் பாதியிலேயே கொண்டுபோய்ச் சாக்கில் கொட்ட வேண்டும். இவற்றை நான் செய்தேன், இன்றைக்கும் செய்கிறேன். இந்தச் சேவையைப் பாராட்ட எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது மற்றவர்கள் பேசுவதையும் கேட்டேன். ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் கண்டியில் ஊசி குத்தும் வைத்தியம் (அக்குபங்சர்) செய்திருக்கிறார். மூன்று நாள் நன்றாக இருந்ததாம், திரும்பத் திரும்பப் போகக் காசில்லை. அவருக்கு லைட் பிடித்தால்தான் வைத்தியம். பயிற்சி மட்டும் சொல்லி அனுப்பினால் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியது போலிருக்கிறது என்றார். பென்ஷன் எடுத்த ஒரு பாட்டி, “நாப்பது வருஷம் மலை ஏறி இறங்கினேன், அது எக்சசைஸ் இல்லையா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என் மனதிலும் இருந்தது. மிஸ் அவரிடம் பொறுமையாகச் சொன்னார்: “அம்மா, அது எல்லாம் ஒரே பக்கம் குனியிற வேலை. இது மற்றப் பக்கத்துக்கு.” பாட்டி முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த தேதிக்கும் வந்திருந்தார்.

மகன் உயர்தரம் படிக்கிறான். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டலைப் போனில் வாசித்துக் காட்டினான். 2020இல் உலகத்தில் 61 கோடி 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாம். பயிற்சி, வலியைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது, உருவி விடுவது, ஊசி குத்துவது எல்லாம் செய்து பார்க்கத் தக்கவை என்ற பக்கத்தில் இருந்தன. பெல்ட்டும், இழுத்துக் கட்டும் டிராக்ஷனும் வேண்டாம் என்ற பக்கத்தில். 2,850 ரூபாவை நினைத்தேன். வெதமாத்தயாவின் மனைவியையும் நினைத்தேன், அவர் கை செய்தது வீண் போகவில்லை என்று சந்தோஷமாக இருந்தது.

குறையையும் சொல்ல வேண்டும். சேவை இலவசம், ஆனால் எங்களுக்கு இலவசமாக முடிவதில்லை. கிளினிக் காலை எட்டு மணிக்கு. அன்றைக்குப் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) போக முடியாது, பேர் போய்விடும், அதாவது அன்றைய சம்பளம் இல்லை. 2024 செப்டெம்பரில் வந்து அப்போது இருந்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தாலே ஐந்து நாளுக்கு 6,750 ரூபா. பஸ் காசு வேறு. எண்ணெய் வைத்தியம் அந்தியில் நடந்ததால் அங்கே போன நாட்களில் எனக்குப் பேர் போகவில்லை. லைட் போதும் என்று கேட்பவர்களையும், பாதியில் நின்றுவிடுகிறவர்களையும் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இரண்டு தேதிக்கு நடுவில் மூன்று வாரம் இடைவெளி விடுகிறார்கள், ஒரே ஒரு மிஸ் அத்தனை பேரையும் பார்க்கிறார். மாதத்தில் ஒரு நாள் அந்தி நேரத்தில் தோட்டத்து டிஸ்பென்சரிக்கே பிசியோ ஒருவர் வந்தால் எத்தனை பெண்கள் வருவார்கள் தெரியுமா? எங்கள் லயத்தில் மட்டும் ஏழு பேரை நான் கூட்டி வருவேன்.

இதை எழுதுவது 2025 ஆகஸ்டில். வலி முழுசாகப் போகவில்லை. மழை நாளில் இடது பக்கம் கடுக்கும். ஆனால் ராத்திரி தூங்குகிறேன், முகம் கழுவ யாரும் தண்ணீர் அள்ளித் தர வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர். ஜூலைக் கடைசியில் இருந்து பெரும்பாலான நாட்களில் எடுக்கிறேன்.

போகிறவர்கள் சேலையில் போகாதீர்கள், மகளுடைய காற்சட்டையோ சுடிதாரோ போட்டுக்கொண்டு போங்கள், காலை மடக்கச் சொல்வார்கள். முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், ஏழரைக்குள் நம்பர் எடுத்துவிட வேண்டும். எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்லாமல், எந்த வேலை செய்யும்போது வலிக்கிறது என்று செய்து காட்டுங்கள். வீட்டில் படுக்க இடமில்லை என்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், நான் மூன்று வாரம் வீணாக்கியது போல் ஆகாது.